இரும்புக்குப் பின்னால் ஒரு விரல்

இஞ்சேருங்கோ,

கலியாணம் கட்டின நாள் முதல் உங்களை இப்படித்தான் கூப்பிட்டு வந்திருக்கிறேன். "அன்புள்ள" என்று தொடங்கினால், வேறு யாருக்கோ எழுதுகிறேன் என்று நினைத்து நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டீர்கள். கோயில் பங்கு மலரில் இந்தக் கடிதத்தைப் போடுகிறவர்கள் சிரித்தாலும் பரவாயில்லை, வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிடுகிறேன்.

முதலில் ஊர்ப் புதினம். சோளகக் காற்று விழுந்துவிட்டது, வாடைக் காற்று இன்னும் தொடங்கவில்லை. குருநகர்க் கரையில் வள்ளங்கள் அசையாமல் நிற்கின்றன. மகள் றெஜினா வீடு கட்டி முடித்துவிட்டாள். அதன் குசினி உங்களுக்குப் பிடிக்காது, அடுப்போடு ஒரு ஆள் உள்ளே நின்றால் மற்ற ஆள் வெளியே நிற்க வேண்டும். உங்கள் பூனை இப்போது பக்கத்து வீட்டுப் புஷ்பத்திடம்தான் சாப்பிடுகிறது. வளர்த்த கடனுக்கு என்னை எட்டிப் பார்ப்பதும் இல்லை.

இனிக் கேட்க வந்ததைக் கேட்கிறேன். அங்கே இருந்துகொண்டு கித்தாரைத் தொடுகிறீர்களா?

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு விளங்க வேண்டும், கொஞ்சம் சொல்ல விடுங்கள். நீர்கொழும்புக்கு வள்ளத்தின் எஞ்சின் சாமான் வாங்கப் போன நீங்கள், கவாய்த் தீவுக் கித்தார் ஒன்றோடு பஸ்ஸால் வந்து இறங்கினீர்கள். பிறந்த பிள்ளையைக் காலில் கிடத்தி எண்ணெய் பூசுகிற மாதிரி அதை மடியில் படுக்க வைத்து, வலது கையால் கம்பிகளைத் தட்டி, இடது கையில் விரல் நீளத்து உருட்டு இரும்பு ஒன்றைப் பிடித்துக் கம்பிகளின்மேல் வழுக்கிக்கொண்டு போவீர்கள். கித்தாரைக் கட்டி வள்ளம் ஓட்டப் போகிறீர்களா என்று கேட்டேன். ஒரு மாதம் உங்களோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அந்தக் கோபம் ஒரு நாள் போனது. இரும்பை அசைக்காமல், அதற்குப் பின்னால் ஒரு விரலைக் கொழுவி, ஒரேயொரு கம்பியை மட்டும் இழுத்தீர்கள். மற்றக் கம்பிகளின் சத்தம் நின்ற இடத்தில் நிற்க, அந்த ஒன்று மட்டும் நடுங்கி நடுங்கி மேலே ஏறியது. நான் குசினியை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

"இஞ்சேர், உன்ரை கூப்பாடு இதுக்குள்ளை கிடக்கு, கேள்" என்றீர்கள்.

அது என் குரல்தான். இருள்கிற மைமல் பொழுதில் பின்வாசல் படலையில் நின்று, கரையில் பந்தடிக்கும் மகனைக் கூப்பிடுவேனே. "றோ..." என்று கீழே தொடங்கி "...யன்" என்று மேலே ஏறும். அவன் "வாறனம்மா" என்று குரல் தந்த பிறகுதான் "ஓம், வா" என்று நான் இறக்குவேன். அந்த ஏற்றமும் இறக்கமும் அப்படியே கம்பியில் கேட்டன. சிரித்தேன். பொய் சொல்வானேன், பயமாகவும் இருந்தது. ஒருவரின் குரல் அவரை விட்டு வெளியே நின்று கேட்பது நல்லதற்கில்லை என்று மனம் சொன்னது.

பிறகு அந்த வாடைக்காலம் வந்தது. நீங்கள் காய்ச்சலில் கிடந்தீர்கள், வளர்ந்து ஆளாகிவிட்ட றோயன் தனியே கடலுக்குப் போனான். வள்ளமும் வரவில்லை, அதன் பலகை ஒன்றும் கரைக்கு வரவில்லை. எஞ்சின் நின்று இந்தியக் கரையில் ஒதுங்கினவர்கள் இருக்கிறார்கள், மாதக்கணக்குக்குப் பிறகு வீடு வந்தவர்கள் இருக்கிறார்கள் என்று நீங்கள் சொன்னீர்கள். நானும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஆனால் படலையில் நின்று கூப்பிட என்னால் முடியவில்லை. வாய் திறந்தால் காற்றுத்தான் வந்தது.

எனக்குப் பதிலாகக் கித்தார் கூப்பிட்டது. ஒவ்வொரு மைமலும் கம்பியை மேலே இழுத்து, ஏறின இடத்திலேயே உள்ளங்கையால் பொத்திவிடுவீர்கள். இறக்கவே மாட்டீர்கள்.

"இறக்குங்கோவன். காதுக்குள்ளை ஏதோ நிக்கிற மாதிரிக் கிடக்கு."

"அவன் மறுமொழி சொல்லட்டும், இறக்கிறன்."

ஏழு வருஷம் அப்படியே போனது. ஒவ்வொரு நவம்பரிலும் செத்தவர்களை நினைக்கிற ஆத்துமாக்கள் நாள் வந்தால் எங்கள் வீட்டில் சண்டை. ஊரெல்லாம் சேமக்காலைக்குப் போய்த் தங்கள் தங்கள் கல்லறைகளைத் துப்புரவாக்கி மெழுகுதிரி கொளுத்தும். செத்தவர்களின் பெயர்களைக் கொடுத்தால் சுவாமியார் பூசையில் வாசிப்பார். தம்பியின் பெயரைக் கொடுக்க வேண்டும் என்பாள் றெஜினா. கதவைத் திறந்து வைத்திருக்கிற வீட்டில் அந்தப் பேச்சு வேண்டாம் என்பீர்கள் நீங்கள்.

நான் நடுவில் நின்றேன். மறைக்கல்வியில் பிள்ளைகளுக்கு நானே படிப்பித்தேன்: மோட்சத்துக்கு முன் பாவம் கழுவுகிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கும் ஆத்துமாக்கள் தங்களுக்காகத் தாங்களே மன்றாட முடியாது, நாங்கள்தான் மன்றாட வேண்டும். றோயன் செத்திருந்தால், ஒருவரும் ஒரு பூசைகூடக் கொடுக்காமல் அங்கே காத்துக் கிடக்கிறான். உயிரோடு இருந்தால், ஆத்துமப் பூசையில் அவன் பெயரை வாசிப்பிப்பது பெற்ற தாயே அவன்மேல் மண் போடுவதாகிவிடும். எதைச் செய்தாலும் பிள்ளைக்குக் கொடுமை. அவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல்தான் நீங்களும் போன தவக்காலத்தில் கண்ணை மூடினீர்கள்.

உங்கள் சவப்பெட்டிக்குள் அந்த இரும்பையும் வைக்கச் சொன்னேன். இடது கையில் செபமாலையும் வலது கையில் இரும்புமாக மாறி வைத்துவிட்டார்கள். மூடின பிறகுதான் எனக்குப் புத்தியில் ஓடி வெளித்தது. அங்கே போய் மாற்றிப் பிடித்திருப்பீர்கள், அதற்கெல்லாம் மற்றவர்களைப் பார்த்து நிற்கிற ஆள் நீங்கள் இல்லை. கித்தாரை அதன் பெட்டியில் போட்டுப் பூட்டி அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டேன்.

சோளகம் விழுந்த கிழமை, ஒரு மைமலில், புஷ்பம் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"மேரியக்கா, ஆரைக் கூப்பிட்டனீங்கள்?"

"நான் ஒருதரையும் கூப்பிடேல்லையே."

"உங்கடை குரல்தானக்கா. நல்லாய்க் கேட்டுது. றோயனைக் கூப்பிடுற மாதிரி..." சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் ஒரு சட்டைக்கு விளிம்பு மடித்துக்கொண்டு இருந்தேன். வாயில் குண்டூசிகள். அவற்றைப் பல்லால் கவ்விக்கொண்டு யாரைக் கூப்பிட முடியும்?

அடுத்த நாள் நானே கேட்டேன். அலுமாரிக்கு மேலே, பூட்டின பெட்டிக்குள். கீழே தொடங்கி, நடுங்கி ஏறி, ஏறின இடத்தில் சட்டென்று பொத்தப்பட்டு நின்றது. செபமாலையை எடுத்தேன், சின்ன வயதில் இருந்து சொல்கிற மந்திரம் பாதியில் மறந்துபோனது.

கோயில் பாட்டுக் குழுவில் உங்களோடு மண்டலின் வாசித்த அருளப்பு அண்ணையைக் கூப்பிட்டுக் காட்டினேன். பெட்டியைத் திறந்து, பல்லியா கரப்பானா என்று தேடினார். கம்பிகளில் கொஞ்சம் துரு, வேறொன்றும் இல்லை.

"வெக்கைக்குக் கம்பி சத்தம் போடும் தங்கச்சி. காத்துக்கும் முனகும்."

"காத்து எங்கை அண்ணை? வேப்பமரத்திலை ஒரு இலை ஆடேல்லை."

அவர் தாடையைத் தடவிக்கொண்டு நின்றார். "வெக்கைக்குத் தளர்ந்தால் சத்தம் இறங்குமே ஒழிய ஏறாது. அதுவும் மற்றதெல்லாம் நிக்க ஒண்டு மட்டும் ஏறுறதெண்டால், கம்பிக்கு மேலை இரும்பு இருக்கோணும், இரும்புக்குப் பின்னாலை விரல் இருக்கோணும்." பிறகு பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். "இரும்பு எங்கை?"

"அவரோடை."

அவர் பெட்டியை மூடிவிட்டு, ஊற்றி வைத்த தேத்தண்ணியைத் தொடாமல் போய்விட்டார். அருளப்பு அண்ணை தேத்தண்ணியை விட்டுவிட்டுப் போனதை இந்த வீடு கண்டதில்லை.

எனக்கு என்ன வந்தது என்று நினைக்கிறீர்கள்? சந்தோசம் வந்தது. நீங்கள் இன்னும் கூப்பிடுகிறீர்கள் என்றால், அங்கே அவன் இல்லை. செத்தவர்கள் இருக்கிற இடத்தில் தேடியும் அகப்படவில்லை என்றால், அவன் எங்கள் பக்கத்தில்தான் எங்கேயோ இருக்க வேண்டும். றெஜினாவுக்கு உடனே போன் எடுத்து, தம்பியின் பெயரை இந்த முறையும் கொடுக்கக்கூடாது என்று சொன்னேன். குரலில் இருந்த துள்ளலைக் கேட்டு அவள் பயந்துபோய் ஓடி வந்தாள்.

அலுமாரிக்கு முன்னால் கதிரை போட்டு இருவரும் இருந்தோம். பொழுது மங்கியது, கம்பி ஏறியது. அவளுடைய கை என் கையைத் தேடிப் பிடித்தது.

"அம்மா, உது அப்பாதான்."

"அதைத்தான் சொல்லுறன் பிள்ளை. உன்ரை தம்பி அங்கை இல்லை."

"அப்ப, அப்பா செத்தும் தேடித் திரியிறார். உங்களுக்கு அது சந்தோசமோ?"

உங்களுக்கு இளைப்பாற்றி இல்லை என்பதைக் கேட்டுத்தான் இத்தனை நாளும் நான் துள்ளியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அதற்கடுத்த சனிக்கிழமை நான் தனியே இருந்தேன். கம்பி ஏறியது. வழக்கமாகப் பொத்துகிற இடத்தில் பொத்தவில்லை. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்துக் கேட்கிற மாதிரி, அங்கேயே நின்றது. பிறகு மெல்ல மெல்ல இறங்கியது. "ஓம், வா" என்று நான் இறக்குவேனே, அதே இறக்கம், அதே இடத்தில் வந்து அடங்கியது.

அவன் சொன்ன மறுமொழி எனக்குக் கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்டிருக்கிறது. எந்தப் பக்கத்தால் வந்தான்? நனைந்திருந்தானா? இவ்வளவு காலமும் எங்கே நின்றான் என்று கேட்டீர்களா? அம்மா எங்கே என்று கேட்டானா?

உங்களுக்கு அவன் மறுமொழி சொன்னான் என்றால் அவனும் செத்தவன்தான், ஒரு தாய்க்கு அதைவிடக் கெட்ட சேதி இல்லை. பிள்ளை தகப்பனிடம் போய்ச் சேர்ந்துவிட்டான் என்பதும் அதே சேதிதான். இரண்டும் ஒன்றாய் வந்தால் அழுவதா கும்பிடுவதா என்று எனக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. விடியும்வரை கதிரையில் இருந்துவிட்டு, முதற்பூசை முடிய சுவாமியாரிடம் போய் உங்கள் பெயரோடு அவன் பெயரையும் கொடுத்தேன். வீட்டுச் சண்டை அவருக்கும் தெரியும். நிமிர்ந்து பார்த்தார்.

"நிச்சயமோ அம்மா?"

"ஓம் சுவாமி. தகப்பன் கண்டிட்டார்."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை, நல்ல மனிசன்.

பிறகு கித்தார் சத்தம் போடவில்லை. நான் ஒழுங்காகச் சாப்பிட்டேன், நித்திரை கொண்டேன், றெஜினாவோடு சேமக்காலைக்குப் போய் உங்கள் கல்லறையடியில் புல்லுப் பிடுங்கினேன். பக்கத்தில் தம்பிக்கும் ஒரு சிலுவை நடுகிறேன் என்றாள் அவள், நட்டுவிடு என்றேன். எல்லாம் முடிந்தது என்றுதான் இருந்தேன்.

நேற்று மைமலில் கம்பி மறுபடியும் ஏறியது.

புஷ்பம் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் இரத்தம் இல்லை. "அக்கா, இது உங்கடை குரல் இல்லை. உங்களைத்தான் ஆரோ கூப்பிடுற மாதிரிக் கிடக்கு."

எனக்கும் கேட்டது. "இஞ்..." என்று கீழே, "...சேர்" என்று மேலே. தலை துடைக்கத் துவாய் கேட்டும் தேத்தண்ணி கேட்டும் நீங்கள் கூப்பிடுகிற அதே அவசரம். ஏறின இடத்தில் பொத்திவிட்டீர்கள். யாருடைய மறுமொழிக்கு என்று எனக்கு விளங்காதா?

தொண்டை வரைக்கும் "ஓம்" வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அதைச் சொல்லிவிட்டால் கம்பி இறங்கும், பிறகு றெஜினா வந்துதான் என்னைக் கதிரையில் இருந்து பிணமாகத் தூக்குவாள். பயந்துவிட்டேன் என்று சிரிக்காதீர்கள். பயம்தான், ஆனால் பயம் மட்டும் இல்லை.

உங்களுக்கு எப்போதும் எல்லாம் கெதியாக வேண்டும். தகப்பனும் மகனும் கூடிவிட்டீர்கள், இனிச் சோறு போட ஒரு ஆள் வேண்டும், அதுதானே? பொறுங்கள். ஏழு வருஷமாக அவனை உயிரோடு வைத்திருந்தவள் நான். அழுதால் அவனைக் கொன்றதாகிவிடும் என்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. உங்கள் பெட்டியில் விழுந்து அழுதபோதுகூட அவனுடைய பங்கு அதில் கலந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன். ஊரிலே எல்லாத் தாய்மாருக்கும் கிடைத்த அழுகை எனக்கு மிச்சமாய்க் கிடக்கிறது.

ஆத்துமாக்கள் நாள் வரட்டும். சுவாமியார் அவன் பெயரை வாசிக்கட்டும். அந்தச் சிலுவையடியில் மெழுகுதிரி கொளுத்தி, ஊர் பார்க்க, வாய் விட்டுக் கத்தி அழ வேண்டும். அது ஒரு நாளில் முடியுமோ, எத்தனை வருஷம் செல்லுமோ தெரியாது. அதுவரைக்கும் கூப்பிட்டாலும் நான் குரல் தரமாட்டேன். விரல் நொந்தால் நோகட்டும்.

அம்மா வரக் கொஞ்சக் காலம் செல்லும் என்று அவனுக்கும் சொல்லிவிடுங்கள். என் பிள்ளைக்கு அழுது முடித்துவிட்டுத்தான் வருவேன். வருவேன் என்பது சத்தியம்.

உங்கள் மனிசி,
றோயனைப் பெற்றவள்,
மேரி