ஜான்சியின் பஸ் பாஸ்

என் ஸ்டெல்லா அக்காவுக்கு,

நீ போய் மூன்று மாதமாகிறது. உன் மகள் ஜான்சி இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். என் மகள் கலாவோடு ஒரே தட்டில் சாப்பிட வேண்டுமாம். பேச வராவிட்டால் என்ன, தட்டை இழுத்தே சொல்லிவிடுகிறாள்.

கம்பெனி பள்ளிப் பேருந்தில் இருவரையும் ஏற்றப்போன முதல் நாள் நினைவிருக்கிறதா? இவர்களைப் போல மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்கென்று செகந்திராபாத்தில் ஒரு பள்ளி இருந்தது; நம் டவுன்ஷிப்பிலிருந்து அங்கே போக அந்தப் பேருந்தை விட்டால் வழி இல்லை. மற்ற பிள்ளைகள் பயப்படுவார்கள் என்றார் அன்றைய நலத்துறை அதிகாரி.

"காய்கூ சாப், எதுக்குப் பயப்படணும்? எம் பொண்ணு யாரையாவது கடிச்சாளா?" என்று கேட்டாய். உன் முதுகுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டு நின்றேன். எட்டு மாதம் படியேறி, மனுமேல் மனு தட்டச்சு செய்து, இருவருக்கும் நீ வாங்கிய பாஸ் அது.

நீ போன பிறகு நடந்ததைக் கேள். உன்னை அடக்கம் செய்த பத்தாம் நாள் ஜான்சியின் பாஸை ரத்து செய்துவிட்டார்கள். ஊழியரின் பிள்ளைக்கு மட்டும்தானாம், ஊழியர் இறந்துவிட்டாராம். கலாவின் அப்பா வேலையில் இருப்பதால் அவள் பாஸ் தப்பியது. பதினெட்டு வருஷம் அவர்களுக்குத் தட்டச்சு செய்தவளுக்கு இதுதான் மரியாதையா?

அடுத்த திங்கட்கிழமை காலை இரண்டு பெண்களோடும் பேருந்தில் ஏறி உட்கார்ந்தேன். "அம்மா, திகண்டி" என்று ஓட்டுநர் இறங்கச் சொன்னார். நான் அசையவில்லை. அவர் வண்டியை அணைத்துவிட்டு அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்பினார்.

புது அதிகாரி ஸ்கூட்டரில் வந்தார். தஞ்சாவூர்க்காரர்.

"இந்தப் பொண்ணுக்கு நீங்க யாரு?"

"சித்தி."

"இவ அம்மா கிறிஸ்டியனாச்சே. நீங்க எப்படிச் சித்தி?"

"அது எங்க வீட்டு விஷயம் சார். வண்டிய எடுக்கச் சொல்லுங்க, ஸ்கூலுக்கு நேரமாச்சு."

அரை மணி நேரம் நின்றது வண்டி. நான் இறங்கவில்லை, அக்கா. கடைசியில் ஒரு சீட்டு எழுதி நீட்டினார்: 'கருணை அடிப்படையில், இந்தப் பள்ளியாண்டு முடியும்வரை.'

கருணை என்ற சொல்லை அடிக்கச் சொன்னேன். முறைத்துப் பார்த்தார். பிறகு அடித்தார்.

ஜூன் மாதம் மறுபடி தடுப்பார்கள். தடுக்கட்டும். உன்னைப் போல எனக்கு இங்கிலீஷில் மனு எழுத வராது. ஏறி உட்கார வரும். தாய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தப் பிள்ளைகளுக்கு இடம் உண்டென்று அவர்கள் விதியாகவே எழுதும்வரை, ஒவ்வொரு வருஷமும் ஏறி உட்காருவேன். இது சத்தியம்.

ஜான்சிக்குச் சித்தி,
உனக்குத் தங்கை,
கமலா