சக்கரத்துக்கு அடியிலிருந்த கட்டையும் என் மருமகன் மீதான கொலை முயற்சி வழக்கும்

அனுப்புநர்:
கு. சுப்புராயன்,
(மூடிப்போன விமானக் கம்பெனியின் முன்னாள் பணிநேர எழுத்தர், விமானிகளையே கட்டி மேய்த்தவன்),
திருவொற்றியூர், சென்னை.

பெறுநர்:
உயர்திரு காவல் துணை ஆணையர் அவர்கள்,
சென்னை.

பொருள்: தூங்கிய டிரைவரின் கையை முறித்தவர்கள் வெளியே திரிய, அடிபட்டவன் மீதே போடப்பட்ட வழக்கைத் திரும்பப் பெறக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அடியேன் மீனம்பாக்கத்தில் விமானிகளுக்கு நேரம் போட்டுக் கொடுத்தவன். நான் பென்சிலை எடுத்தால் ஆகாயம் அசையும். வைத்தால் மேகமே நிற்கும். அந்தக் காலத்து முறை இதுதான்: விமானச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுத்த நொடியில் விமானியின் நேரம் ஓடத் தொடங்கும்; கட்டையைத் திரும்ப வைத்தால்தான் நிற்கும். நடுவில் ஓடுபாதையில் வரிசை கட்டிக் காத்துக் கிடந்தாலும் அது பறந்த கணக்கே, சம்பளம் உண்டு. ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் என்ற வரம்பு தீர்ந்துவிட்டால், முதலாளியே காலில் விழுந்தாலும் அந்த விமானியைப் பறக்க விடமாட்டேன்.

2. டீக்கடையில் நான் அளந்த இந்தக் கதையைக் கேட்ட கண்டெய்னர் டிரைவர்கள், "இன்னா நைனா, ஆகாசத்துல ஓட்றவனுக்கு ஒரு நாயம், ரோட்ல ஓட்றவனுக்கு ஒரு நாயமா?" என்று கிளம்பிவிட்டார்கள். துறைமுக வரிசையில் ராப்பகலாகக் கிடப்பதற்கு அவர்களுக்குக் காலணா கிடையாது, டிரிப்புக்குத்தான் கூலி. கண்ணயர்ந்து ஓட்டி ஒருவர் செத்த பிறகு, மாதவரம் கண்டெய்னர் யார்டு முதலாளி இறங்கிவந்து எங்கள் முறையை ஒப்புக்கொண்டார். காத்திருப்பதற்கும் கூலி, வரம்பு தீர்ந்தால் கட்டையைப் போட்டுவிட்டுத் தூங்கலாம், மாற்று டிரைவரை அனுப்புவது யார்டின் பொறுப்பு.

3. சென்ற செவ்வாய்க்கிழமை என் தங்கை புஷ்பவல்லியின் மகன், அந்த யார்டில் டிரெய்லர் ஓட்டும் வெற்றிக்கு, எண்ணூர் விரைவுச் சாலை வரிசையில் நிற்கும்போதே வரம்பு தீர்ந்தது. யார்டுக்குப் போன் போட்டான். மாற்று ஆள் வரவில்லை. நடுரோட்டிலேயே சக்கரத்துக்குக் கட்டையைக் கொடுத்துவிட்டு, சீட்டில் சாய்ந்து தூங்கிவிட்டான். பின்னால் லாரிகள் ஆந்திர எல்லையைத் தாண்டி நின்றன என்றால் தாங்கள் நம்பமாட்டீர்கள். எண்ணூர் முகத்துவாரக்குப்பம் வரை என்பதையாவது நம்பலாம்.

4. மாற்று டிரைவருக்குப் பதிலாக யார்டு சூப்பர்வைசர் ரஞ்சித் இரண்டு அடியாட்களோடு வந்தார். மோட்டார் சைக்கிளை டிரெய்லருக்கு முன்னால் நிறுத்திவிட்டு, வீல் ஸ்பேனரால் கண்ணாடியை உடைத்தார். தூங்கியவனின் தலைமயிரைப் பிடித்து இழுத்துத் தரையில் போட்டார்கள். ஒருவன் மார்பில் ஏறி நின்றான். "பைலட்டு சாருக்குத் தூக்கமா? எந்த ஏர்போட்ல எறக்கணும், சொல்லு!" என்று கேட்டபடி, ரஞ்சித் சக்கரத்துக்கு அடியிலிருந்த கட்டையை உருவி, அதனாலேயே வலது கையில் அடித்தார். எலும்பு வெளியே தெரிந்த பிறகும் அடித்தார். தடுக்கப் போன பின்வண்டி டிரைவர் ஷாரிக்குக்கு முன்பற்கள் போயின. ஐயா, இந்தப் பத்தியில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

5. கட்டையை உருவினால் வண்டி சும்மா இருக்குமா? ஹேண்ட் பிரேக் பிடிக்காத வண்டி, உருண்டது. மோட்டார் சைக்கிள் அப்பளமானது. ரஞ்சித்தின் கால்விரல்கள் நசுங்கின. வாயில் ரத்தத்தோடு ஷாரிக்தான் ஏறி, கால் பிரேக்கை மிதித்து நிறுத்தினார். ஆனால் ரஞ்சித்தோ, "லாரியை ஏற்றிக் கொல்லப் பார்த்தான்" என்று புகார் கொடுக்க, வெற்றி குற்றவாளியாகிவிட்டான். மார்பில் ஒரு தடியன் நிற்க, முறிந்த கையோடு தரையில் கிடந்தபடியே லாரி ஓட்டும் வித்தை, நான் மேய்த்த எந்த விமானிக்கும் தெரியாது.

6. கையில் தகடு வைக்கும் ஆபரேஷன் திங்கட்கிழமை. அதைச் செய்யாவிட்டால் இனி ஸ்டியரிங் பிடிக்க முடியாது என்கிறார் டாக்டர். அவனை நாளைக்கே ஆஸ்பத்திரியிலிருந்து புழல் சிறைக்குக் கொண்டுபோகப் போகிறார்களாம். காசிமேட்டில் மீன் அரியும் கத்தியை முந்தானையில் சுற்றிக்கொண்டு ரஞ்சித் வீட்டுக்குக் கிளம்பிய புஷ்பவல்லியை, "என் மனு போய்ச் சேரட்டும், அப்புறம் போ" என்று உட்காரவைத்திருக்கிறேன். அரசாங்கத்தில் மனு நகரும் வேகம் அவளுக்கும் தெரியும்.

ஆகவே, ஐயா அவர்கள் ஷாரிக்கின் வாக்குமூலத்தைப் பதிவுசெய்து, அடித்த மூவர் மீதும் நடவடிக்கை எடுத்து, வெற்றி மீதான வழக்கைத் திரும்பப் பெற்று, ஆபரேஷன் தடையின்றி நடக்க இன்றே உத்தரவிட வேண்டுகிறேன்.

அந்தக் கட்டை, ரத்தக் கறையோடு, காவல் நிலையத்தில் சான்றுப் பொருளாக இருக்கிறது. எங்கள் முறைப்படி, எடுத்த கட்டையைத் திரும்ப வைக்கும்வரை நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதை எடுத்தவர் ரஞ்சித். இன்னும் யாரும் திரும்ப வைக்கவில்லை. வெற்றி இந்த நிமிடம்வரை பணியில்தான் இருக்கிறான், ஐயா. அவனை இறக்கிவிடுங்கள்.

நாள்: 18.07.2025
இடம்: திருவொற்றியூர்

தங்கள் அலுவலக வாசலிலேயே நிற்கும்,
கு. சுப்புராயன்