என் பைக்குக்கு அவர் போட்ட சத்தம்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் தூறல். பிறகு வெயில். மறுபடி தூறல். மழைக் காற்சட்டை இன்னும் ஈரம். கராஜில் கொழுவ வேண்டும்.

வேலைக்கு ஹென்டர்சன் போகும் வழியில், மோட்டர்வேயில், வெள்ளி நிறக் கார் ஒன்று சிக்னல் போடாமல் என் பாதைக்குள் வந்துவிட்டது. பிரேக். பின்சில்லு வழுக்கியது. விழவில்லை. ஓட்டியவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஒரு கையில் கோப்பிக் கோப்பை. அங்கே போய் முதலில் வெட்டிய இரண்டு மூக்குக்கண்ணாடி லென்சும் பிழை. 

வீட்டில் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொல்லிவிட்டேன். என் கணவர் ரகு சாப்பாட்டை வைத்துவிட்டு எழும்பினார்.

"பைக்கை வித்துப்போடுவம்."

"வித்துப்போட்டு? நான் பஸ் மாறி மாறிப் போறதோ? நீங்கள் வந்து ஏத்துவியளோ?"

 அவருக்குக் கணக்காளர் வேலை பாபகூராவில், நேர் எதிர்த் திசை. வீட்டில் கார் ஒன்று. நான் பைக் ஓடத் தொடங்கி மூன்று வருடம். மூன்று வருடமாக இதே முகம்.

மார்ச் 6, வியாழன்

காற்று. மோட்டர்வே கடலோரமாகப் போகும் இடத்தில் பைக் ஒரு பக்கமாகவே சாய்ந்து ஓடியது. பால் முடிந்தது. மிளகாய்த்தூளும்.

ரகு வேலையால் வந்து பைக் வீடியோவாகப் பார்க்கிறார். வாழ்க்கையில் ஒருநாளும் பைக்கில் ஏறாத மனுசன். இரவுச் சாப்பாட்டில் தீர்ப்பு வந்தது:

"பிழை பைக்கிலை இல்லை. சத்தத்திலை. உம்மடை பைக் தையல் மிசின் மாதிரி எல்லோ போகுது. ஆருக்குக் கேக்கும்?"

"எனக்கு அந்தச் சத்தம் காணும்."

"கார்க்காரனுக்குக் காணாது. சைலன்சரை மாத்த வேணும்."

சத்தம் போடுகிற சைலன்சர் ஒன்றின் விலையைப் போனில் பார்த்தார். பைக்கின் பாதி விலை. போனைக் கவிழ்த்து வைத்தார். அப்பாடா என்றிருந்தது. ஐந்து நிமிடம் கூட இல்லை: "உள்ளுக்கை இருக்கிற குழாயிலை ஓட்டை போட்டாலும் அதே சத்தம்தானாம்."

மார்ச் 8, சனி

நல்ல வெயில். உடுப்பெல்லாம் காய்ந்தது. அதுதான் இன்றைய ஒரே நல்ல செய்தி.

ரகு காலை முழுக்கக் கராஜில். சைலன்சர் கழற்றி, மூடியைத் திறந்து, உள்குழாயை இழுத்து எடுத்தார். அதைச் சுற்றியிருந்த பஞ்சு கரித்தூளாகக் கொட்டியது. ட்ரில் ஊசி இரண்டு முறிந்தன. குழாயில் ஓட்டைகள், இடியப்ப உரல் அடித்தட்டுப்போல. பஞ்சு வாங்கச் செலவாம். சான்ட்ரிங்ஹாம் கடைக்குப் போய்ச் சட்டி தேய்க்கிற கம்பிச் சுருள் ஒரு கட்டு வாங்கி வந்து அடைத்தார். என் புதுச் சமையல் கையுறையும் போயிற்று.

"இஞ்சருங்கோ, இது என்ரை பைக்."

"ஓம், ஓம். அந்தத் திருகாணியை எடும்."

ஸ்டார்ட் செய்தேன். கராஜ் தகரக் கதவு அதிர்ந்தது. தெருவில் யாருடையதோ கார் அலாரம். ரகு காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். கல்யாணத்தன்று கூட இப்படிச் சிரிக்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

முகில். இரண்டு நாள் ஓடிய பிறகு எழுதுகிறேன்:

தலையிடி. ஹெல்மெட்டுக்குள் சத்தம் மட்டும்தான், பின்னால் வரும் வாகனம் எனக்குக் கேட்பதில்லை. அக்ஸிலரேட்டரை விட்டால் பட் பட் என்று வெடிக்கிறது. ஏற்றத்தில் முன்போல் இழுவை இல்லை. சிக்னலில் தாடிக்காரன் ஒருவன் பெருவிரல் உயர்த்திப் பாராட்டினான். எனக்கு ஐம்பத்தொரு வயது.

பின்னேரம் பக்கத்து வீட்டு மைதிலி வந்தாள். கோயம்புத்தூர்க்காரி, ஆஸ்பத்திரியில் இரவு வேலை, பகலில் தூங்குகிறவள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. நீங்க மூணரைக்கு வர்றீங்கல்ல? தூக்கத்துலேர்ந்து துள்ளி எழுந்துட்டேன். வார்டுல சிலிண்டர் வெடிச்ச மாதிரி கனவு."

வெட்கமாகப் போய்விட்டது. தெரு முனையிலிருந்து இஞ்சினை நிறுத்தித் தள்ளி வருகிறேன் என்றேன்.

"அய்யோ, அவ்ளோ கனத்தைத் தள்ளுவீங்களா? அண்ணன்கிட்ட சொல்லுங்க."

அண்ணனிடம் சொன்னேன். "அந்தப் பிள்ளைக்குக் கேட்டதெண்டால் கார்க்காரனுக்கும் கேக்குது" என்கிறார். இந்த மனுசனோடு என்ன கதைப்பது?

மார்ச் 12, புதன்

விழுந்துவிட்டேன்.

ஹென்டர்சனில், வேலை முடிந்து வரும்போது. கடைத்தொகுதி கார் நிறுத்துமிடத்திலிருந்து நீலக் கார் நேரே என் முன்னால் வந்தது. மெல்லத்தான் போனேன். நிறுத்தினேன், பைக் சரிந்தது, முழங்கால் தரையில். பைக்கின் பக்கக் கண்ணாடி ஒன்று உடைந்தது. எலும்புக்கு ஒன்றுமில்லை. நடக்க முடிகிறது.

ஓட்டியவர் வயதான வெள்ளைக்காரர், மன்னிப்புக் கேட்டபடியே இறங்கி வந்தார். சத்தம் கேட்டதாம். பெரிதாகக் கேட்டதாம். எந்தப் பக்கமிருந்து என்றுதான் தெரியவில்லையாம், பின்னால் லொறி என்று நினைத்தாராம். பைக்கை நிமிர்த்தப் பிடித்துவிட்டார். பாவம். கோபிக்கவும் முடியவில்லை.

கோபம் முழுவதையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

"அவருக்குக் கேட்டதாம்! எங்கையெண்டு தெரியேல்லையாம்! உங்கடை ஓட்டை, உங்கடை கம்பிச் சுருள்!"

ரகு என் முழங்காலைப் பார்த்தபடி நின்றார். பிறகு, நம்ப முடியாமல் எழுதுகிறேன், "அப்ப இன்னும் கொஞ்சம் கூட்டினால்..." என்றார்.

கையில் இருந்த ஹெல்மெட்டை நிலத்தில் போட்டேன். எறிந்தேன் என்றும் சொல்லலாம்.

"இனி ஒரு ஓட்டை போட்டால் நான் இந்த வீட்டிலை இல்லை. அந்தச் சத்தத்தாலை எனக்கு ஒரு உதவியும் இல்லை, விளங்குதோ?"

"எனக்கு உதவி."

"என்ன?"

"நீர் பெரிய ரோட்டாலை திரும்பேக்கையே எனக்குக் கேக்குது." குனிந்துகொண்டுதான் சொன்னார். "மூண்டு மணிக்கு வந்து இருக்கிறன். நீர் கதவைத் திறக்குமட்டும் நான் இருக்கிற இருப்பு உமக்குத் தெரியாது. போன சனிக்குப் பிறகுதான், சத்தம் கேட்டவுடனை, வாறா எண்டு போட்டுத் தேத்தண்ணி வைக்கிறன்."

நிலத்தில் கிடந்த ஹெல்மெட்டை எடுத்து மேசையில் வைத்தேன். மஞ்சள் பற்று அவரே குழைத்துப் பூசினார், அளவுக்கு மிஞ்சின சூட்டில். கத்தினேன்.

மார்ச் 13, வியாழன்

லீவு. முழங்கால் பணியாரம்போல. மழை.

பகலில் யோசனை. ஒவ்வொரு நாளும் மூன்று மணிக்கு வந்து கதிரையில் இருந்திருக்கிறார். பயம் என்றால் பயம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாமே. விற்கலாம், விற்கலாம் என்று எரிச்சல்தான் மூட்டினார். நானும் முகத்தைப் பார்த்துச் சண்டை பிடித்தேனே தவிரக் கேட்கவில்லை.

மாலையில் சொன்னேன்: சைலன்சர் பழையபடி வேணும். வேலையாலை வெளிக்கிடேக்கை மெசேஜ் போடுவன். தலையாட்டினார். இப்படி இருந்தால் வாகனப் பரிசோதனையிலும் விடமாட்டார்கள் என்றேன். அதற்கும் தலையாட்டினார். அது அவருக்கு முதலே தெரிந்திருக்கிறது!

மார்ச் 15, சனி

கோடை முடிந்து குளிர் தொடங்குகிறது. பாபகூராவில் பழைய பைக்குகளை உடைத்து விற்கும் இடம். மூன்று அடுக்குத் தட்டைக் கிளறி, என் மொடலுக்குப் பொருந்துகிற சைலன்சர் ஒன்று. சுரண்டல் காயம் இருக்கிறது, ஓட்டை இல்லை. கண்ணாடியும் கிடைத்தது. ரகு காசு கொடுத்துவிட்டுக் கடைக்காரனிடம் தன் ஓட்டைகளைப் பற்றி விளக்கம் வேறு. இழுத்துக்கொண்டு வந்தேன்.

பூட்டி, ஸ்டார்ட் செய்தோம். தையல் மிசின். ரகுவின் முகம் விழுந்தது.

"நாளைக்கு நீங்கள் பின்னாலை ஏறுறியள்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வந்துவிட்டது.

மார்ச் 16, ஞாயிறு

வெயில், காற்றில்லை. ரகுவுக்கு மைதிலியின் கணவருடைய ஹெல்மெட், கன்னம் பிதுங்கியது. என் இடுப்பைப் பிடித்த பிடியில் மூச்சு முட்டியது.

மோட்டர்வே வேண்டாம் என்று உள்வீதிகளால் ஹென்டர்சன் வரை. வழி நெடுக என் காதுக்குள் கத்தல்: "வலப்பக்கம் கார்!" "பஸ் வெளிக்கிடுது!" "அந்தப் பெடியன் இறங்கப்போறான்!" எல்லாவற்றுக்கும் நான் ஏற்கெனவே வேகத்தைக் குறைத்திருந்தேன். பாதி வழியில் கத்தல் குறைந்தது. திரும்பி வரும்போது சத்தமே இல்லை. மயங்கிவிட்டாரோ என்று கண்ணாடியில் பார்த்தேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் இறங்கியபோது அவருடைய ஹெல்மெட் கொக்கியை நான்தான் கழற்றிவிட்டேன்.

"எல்லாத்தையும் எனக்கு முன்னமே பாத்திட்டீர்" என்றார்.

"மூண்டு வருஷமா அதைத்தானே செய்யிறன்."

"ஓம்." பைக்கின் சீற்றை ஒருமுறை தட்டினார். "நாளைக்கு மழையாம். மெசேஜ் போட மறக்காதையும்."

நாளைக்கு ஆறு மணிக்கு எழும்ப வேண்டும். மழைக் காற்சட்டையைக் காணவில்லை.