நீர் வைத்த கை

திருமுல்லைவாயில்
20-2-1944

சிரஞ்சீவி லோகநாதனுக்கு அம்மா பொன்னம்மாள் மனம் நிறைந்த ஆசீர்வாதத்தோடு எழுதுவது. கொடியிடையம்மன் கண் திறந்து பார்த்ததில் இங்கே நான், உன் நைனா, தாட்சாயிணி, கைக்குழந்தை நாலு பேரும் நலம். பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் உனக்கு வேளைக்குச் சோறு கிடைக்கிறதா, அந்த மணல் காற்றில் கண்ணைப் பார்த்துக்கொள்கிறாயா என்பதுதான் எனக்குக் கவலை. நாலு பேரும் நலம் என்று போன இரண்டு கடிதத்திலும் எழுதினேன் அல்லவா, அது பாதிப் பொய். கடல் தாண்டி இருக்கிற பிள்ளைக்கு வயிற்றெரிச்சலைத் தபாலில் அனுப்பக்கூடாது என்று மறைத்தேன். இன்றைக்கு எல்லாம் சரியாகிவிட்டது, அதனால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டுவதானால் திட்டு, பயப்படாதே.

தாயில்லாப் பெண் என்று தாட்சாயிணியை வளைகாப்பு முடிந்தும் நம் வீட்டிலேயே வைத்துக்கொண்டது உனக்குத் தெரியும். பூந்தமல்லி கலீலுல்லா பாய்தான் வந்து இரண்டு கைக்கும் வளையல் அடுக்கிவிட்டுப் போனார். நானும் என் பங்குக்கு அவளை உட்காரவைத்துக் கருவாட்டுக் குழம்பு, மாவடு, அப்பளம் என்று போட்டுத் தள்ளினேன். மார்கழி பிறப்பதற்குள் கால் வீங்கிற்று, முகம் உப்பிற்று, கை புசுபுசுவென்று ஆயிற்று. எனக்கு ஒரே பெருமை. குளத்தங்கரையில் பக்கத்து வீட்டுச் சாமுண்டீஸ்வரியிடம், என் மருமகள் எப்படிச் சதை போட்டிருக்கிறாள் பார், இது ஆண் பிள்ளைதான் என்று பீற்றிக்கொண்டேன். தலை வலிக்கிறது என்று அவள் சொன்னபோது கூட சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டுவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். அந்த நாளில் என்னைக் கேட்க ஆளில்லை, அதுதான் வினை.

பாய் நம் தெருப்பக்கம் வளையல் விற்க வந்தவர் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார். தாட்சாயிணிதான் சொம்பை நீட்டினாள். வாங்கினவர் குடிக்காமல் அவள் மணிக்கட்டையே பார்த்தார். மூன்று வாரம் முன்பு அவர் கையாலேயே தாராளமாக ஏறின வளையல் அன்றைக்குத் தோலுக்குள் பதிந்து கிடந்தது. ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார், அழுத்தின இடம் குழி விழுந்து அப்படியே நின்றது. என்னைக் கூப்பிட்டு, “அம்மா, முப்பது வருசமா பொம்பளைங்க கையப் புடிச்சுகினு கீறேன். இது சதை வெச்ச கை இல்லம்மா, நீர் வெச்ச கை. இன்னைக்கே டாக்டரம்மாகிட்ட காட்டிடுங்க” என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நான் போட்ட சோற்றைக் குறை சொல்கிற மாதிரி இருந்தது. உங்க வியாபாரத்தைப் பாருங்க பாய் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த மனுஷர் கூடையைத் தூக்கிக்கொண்டு நேராகக் கழனிக்குப் போய் உன் நைனாவிடம் சொல்லியிருக்கிறார். உன் நைனா வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுகிறவர். ஏர் கட்டினதை அவிழ்த்துவிட்டு வந்து, கிளம்பு என்று ஒரே வார்த்தை சொன்னார். அதற்குள் தாட்சாயிணியும் கண் முன்னால் பூச்சி பறக்கிறது அத்தே என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பாசஞ்சர் பிடித்துப் பட்டணத்துப் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா அவள் கையில் பட்டை கட்டி ரத்தக் கொதிப்பு பார்த்தாள். பிறகு மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து விளக்கில் காய்ச்சினாள். வெந்த முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி திட்டுத்திட்டாக நின்றது. ஆட்டுக்கு இருக்கிற மாதிரி நமக்கும் குண்டிக்காய் இருக்கிறதே, அதுதான் ரத்தத்தை வடிகட்டுகிறதாம். அதற்குள்ளே கண்ணுக்குத் தெரியாத உயிரணுக்கள் லட்சக்கணக்கில் இருக்கிறதாம். பிள்ளைத்தாச்சிகளில் சிலருக்கு அந்த அணுக்கள் வீங்கி அடிபட்டு, ரத்தத்தில் நிற்கவேண்டிய சத்தை ஓட்டைச் சல்லடை மாதிரி ஒழுகவிடுமாம், வெளியே போகவேண்டிய நீர் உடம்பிலேயே தங்குமாம். உதிர்ந்து வந்த அணுக்களைப் பூதக்கண்ணாடியில் எனக்கே காட்டினாள். அழுக்கு நிறத்தில் பொடிப் பொடியாக மிதந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் ஜன்னி கண்டு தாயும் பிள்ளையும் போயிருப்பார்கள் என்றாள். நான் ஊட்டினதால் வந்ததா என்று கேட்டேன். இது ஏன் வருகிறது என்று எங்களுக்கே தெரியாது, உன்னால் வரவில்லை, ஆனால் வீக்கத்தைச் சதை என்று நினைத்து நாளைக் கடத்தியது மட்டும் தப்பு என்றாள். அவள் சொன்னது நியாயம்தான்.

இனிமேல் எழுதப்போவதை உட்கார்ந்து படி. தாட்சாயிணியின் விரலெல்லாம் நீலம் பாரித்துவிட்டது, சோப்புத் தண்ணீர் போட்டும் வளையல் நகரவில்லை, உடைத்தே ஆகவேண்டும் என்று நர்ஸம்மா சொன்னாள். பிள்ளை பெறுகிற வரைக்கும் கழற்றாத வளையல் அது. புருஷன் சண்டையில் இருக்கும்போது பெண்டாட்டி வளையலை யாராவது உடைப்பார்களா. நான் அவள் கைக்கு முன்னால் மறித்து நின்றுகொண்டு முடியவே முடியாது என்றேன். நர்ஸம்மா கத்தினாள், நானும் கத்தினேன். அப்போது கட்டிலில் கிடந்த தாட்சாயிணி கண்ணைத் திறக்காமலே, “அத்தே, நீங்களே ஒடச்சுடுங்க. பெத்தவங்க கை பட்டா அவருக்கு ஒண்ணும் ஆவாது” என்றாள். தன் உயிரைப் பற்றி அவள் சொல்லவில்லை, உன்னைப் பற்றித்தான் சொன்னாள். துண்டைச் சுற்றிக் கத்தரிக்கோல் பிடியால் ஒவ்வொன்றாக நானே உடைத்தேன், இருபத்தொன்றும். டிசம்பர் இருபத்தொன்றாம் தேதி. அன்றிலிருந்து தபால்காரர் எத்திராஜ் தெருவில் திரும்பினாலே நான் கொல்லைப்புறம் போய் நின்றுகொள்வேன். ஜனவரி கடைசியில் உன் கடிதம் வந்தது, நலம் விசாரித்திருந்ததை எல்லாம் அப்புறம்தான் படித்தேன், முதலில் தேதியைப் பார்த்தேன். டிசம்பர் இருபத்தொன்பது. அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

இரண்டு வாரம் வெளிச்சம் படாத அறையில், சத்தம் போடாமல், ஊசி போட்டு உப்பில்லாக் கஞ்சி கொடுத்து வைத்திருந்தார்கள். கஞ்சியைத் தினமும் ரயிலில் கொண்டுவந்தது உன் நைனா. மருமகள் உப்பில்லாமல் குடிக்கும்போது நமக்கு மட்டும் என்ன கேடு என்று அவரும் உப்பை விட்டுவிட்டார், நான் சொல்லியும் கேட்கவில்லை. ஜனவரி ஐந்தாம் தேதி நோவு வரவைத்துப் பிரசவம் ஆயிற்று. பெண், நாலே கால் ராத்தல், பஞ்சில் சுற்றி வைத்துப் பிழைக்கவைத்தோம். ஆண் பிள்ளை என்று நான் பீற்றினதை சாமுண்டீஸ்வரி ஞாபகப்படுத்தினாள், போடி என்றேன். வீக்கம் பத்தே நாளில் வடிந்துவிட்டது. ஆனால் குண்டிக்காய் பிழைத்ததா, ஆயுசுக்கும் பழுதாகவே நின்றுவிட்டதா என்பது ஆறு வாரம் கழித்துச் சோதித்தால்தான் தெரியும் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினாள். அந்த ஆறு வாரமும் எனக்கு உயிர் இருந்தும் இல்லை.

போன வியாழக்கிழமை கூட்டிக்கொண்டு போனேன். அதே குழாய், அதே விளக்கு. கொதிக்கக் கொதிக்கப் பார்த்துக்கொண்டே நின்றேன், ஊற்றுத் தண்ணீர் மாதிரி தெளிவாகவே இருந்தது. கொதிப்பும் இறங்கிவிட்டது, அணுக்கள் தேறிவிட்டன என்றாள். மருமகள் மூத்திரத்தைப் பார்த்து அழுத மாமியார் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வரும் வழியில் பூந்தமல்லிக்குப் போய் பாயிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர், குழந்தை நல்லா கீதா என்று மட்டும் கேட்டார்.

நீயும் தாட்சாயிணியும் குழந்தையும் நூறு வருஷம் குறைவில்லாமல் வாழவேண்டும். குழந்தைக்கு உனக்குப் பிடித்த பேரைச் சீக்கிரம் எழுது, தாட்சாயிணிக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. ஒன்று மறக்காதே. அடுத்த தடவையும் இது வரக்கூடுமாம், மூன்றாம் மாதத்திலிருந்தே மூத்திரம் சோதிக்கவேண்டும் என்று டாக்டரம்மா கண்டித்துச் சொன்னாள். அப்போது நான் இருப்பேனோ மாட்டேனோ. அதனால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப்போடாதே, பெட்டியில் பத்திரமாக வை. உன் மகள் வளர்ந்து பிள்ளைத்தாச்சியாக நிற்கும்போது, உன் பாட்டி இப்படி ஒரு முட்டாள்தனம் செய்தாள் என்று அவளுக்கு ஒரு வரி விடாமல் படித்துக் காட்டு.

இப்படிக்கு,
உன் வரவை நாள் எண்ணிக் காத்திருக்கும் அம்மா,
பொன்னம்மாள்