உயிரோடு ஒருவன்

ரேவல்
புனித லாரன்ஸ் திருநாளுக்கு மறுநாள், 1502

அன்புத் தம்பி எவெர்ட்டுக்கு அக்கா தாலெக்கே எழுதுவது.

நீ கேட்ட கம்பளிக் காலுறை இரண்டு ஜோடியும் ஒரு சிறு பீப்பாய் உப்பு மீனும் அனுப்பியிருக்கிறேன். பீப்பாயைப் படை முழுவதுக்கும் திறந்து வைத்து வள்ளலாகாதே.

உன் அத்தான் டீடெமானை நோவ்கோரோதில் மற்ற வணிகர்களோடு ரஷ்யர்கள் பிடித்துப்போய் எட்டு வருஷம் ஆகிறது. மற்றவர்களில் பலர் வந்துவிட்டார்கள். இவர் இன்னும் மாஸ்கோச் சிறையில். நகர சபையைக் கேட்டால் பேச்சு நடக்கிறது என்கிறார்கள். எட்டு வருஷமாகப் பேசுகிறவர்களுக்கு வாய் வலிக்காதா?

அதனால் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ரஷ்யப் பிரபு ஒருவனை உயிரோடு பிடித்து வா. மோதிரம் போட்டவனாகப் பார். அவனைக் கொடுத்து இவரை மீட்கலாம். போரில் நீங்கள் ஜெயித்தாலும் சரி, தோற்றாலும் சரி, எனக்கு ஒரு ஆள் போதும். உப்பு வாங்கி வா என்றால் உப்புப் பானையையே தொலைத்துவிட்டு வருகிறவன் நீ. அதனால் மறுபடி எழுதுகிறேன்: உயிரோடு.

உன் அக்கா
தாலெக்கே


ஸ்மோலினோ ஏரிக்கரை
சிலுவைத் திருநாளுக்கு மறுநாள்

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெயித்துவிட்டோம். ரஷ்யர்கள் நம்மைப்போல் மூன்று மடங்கு இருந்தார்கள் என்கிறார்கள். நம் சாமான் வண்டிகளைப் பிடித்துக்கொண்டு, கொள்ளைக்காகத் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து நம் குதிரைப்படை திரும்பிப் பாய்ந்தது. மாலைக்குள் ஓடிவிட்டார்கள். துரத்திப் போக நமக்குத்தான் தெம்பில்லை.

நீ கேட்ட ஆள் கிடைத்தான். வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து உன் மீனைத் தின்றுகொண்டிருந்தான். இரண்டு மோதிரம். பெயர் ஸ்தெபான். ஆனால் எங்கள் அணித் தலைவர் ப்ரூன், காவலுக்கு ஆளில்லை, கைதிகளே வேண்டாம் என்று உத்தரவு போட்டுவிட்டார். அதனால் சிலுவைமேல் சத்தியம் வாங்கிக்கொண்டு அவனை விட்டுவிட்டேன். டிசம்பரில் நிக்கோலாஸ் திருநாளன்று அத்தானை எல்லையிலுள்ள நார்வா ஆற்றங்கரைக்குக் கூட்டி வருவான். அவனுடைய அங்கியை உனக்கு அனுப்புகிறேன்.

உன் தம்பி
எவெர்ட்


ரேவல்
மிக்கேல் திருநாள்

முட்டாள் தம்பிக்கு,

வெற்றி வெற்றி என்று இங்கே விடாமல் மணியடிக்கிறார்கள். எனக்குத் தலை வலிக்கிறது.

வலையில் விழுந்த மீனைத் தண்ணீரிலேயே விட்டு, போய் உன் அண்ணனைக் கூட்டி வா என்று சொல்கிறவனை உலகத்தில் வேறெங்கே பார்க்கப்போகிறேன்? வண்டிக்குள் ஒளித்துவைக்கத் தெரியவில்லையா உனக்கு?

அங்கி வந்தது. முதுகில் ஒரு கிழிசல். அதை நீ தைத்திருக்கிற அழகைச் சொல்லி மாளாது. பிரித்து நானே தைத்தேன். அது இருக்கட்டும், அங்கியைக் கழற்றிக்கொண்டாயே, அவன் எதைப் போட்டுக்கொண்டு அவ்வளவு தூரம் போவான்? வழியில் விறைத்துச் செத்தால் சத்தியத்தை யார் காப்பாற்றுவது? ஒரு பழங்கம்பளியாவது கொடுத்தாயா? உடனே பதில் எழுது.

தாலெக்கே


ரேவல்
மார்ட்டின் திருநாள்

அன்புத் தம்பிக்கு,

நான் திட்டினேன் என்று பதிலே போடமாட்டாயா? நல்ல ரோஷம்.

யோசித்துப் பார்த்தேன். சிலுவைமேல் சத்தியம் செய்தவன், வந்தாலும் வருவான். அத்தானின் சட்டைகளைத் துவைத்து அடுப்பருகே காயப்போட்டிருக்கிறேன். ஞாயிறுதோறும் கோவிலில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றுகிறேன்; ஒன்று அவருக்கு, ஒன்று ஸ்தெபானுக்கு. சறுக்குவண்டியும் பேசிவிட்டேன். எல்செபேயையும் கூட்டிப் போகிறேன். அப்பா முகம் அவளுக்கு மறந்தே போய்விட்டது. நார்வாப் பக்கம் ரஷ்யக் குதிரைக்காரர்கள் திரிகிறார்கள் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். நான் போகத்தான் போகிறேன்.

அக்கா


வெண்டென் கோட்டை
மார்ட்டின் திருநாள் கழிந்து ஒன்பதாம் நாள்

அக்கா, போகாதே.

அங்கே யாரும் வரமாட்டார்கள். நான் அவனை விடவில்லை. நீ சொல்லும் முன்பே வண்டிக்குள் ஒளித்துத்தான் வைத்தேன். ப்ரூன் பார்த்துவிட்டார். "உன் ரஷ்யனை நீயே முடி. இல்லேன்னா ரெண்டு பேரையும் நான் முடிக்கிறேன்" என்றார். அந்தக் கிழிசல் நான் போட்டது. பிரபு என்று தெரிந்தால் விட்டுவிடுவோம் என்று நினைத்து, தன் பெயரை மூன்று தடவை சொன்னான்.

உள்ளதை எழுதத்தான் உட்கார்ந்தேன்; கை வரவில்லை. நீ கொஞ்ச நாள் திட்டுவாய், பிறகு விட்டுவிடுவாய் என்று இருந்தேன். நீ வண்டி பேசுவாய் என்று நினைக்கவே இல்லை. ஒரு வரி எழுது அக்கா. திட்டியாவது எழுது.

எவெர்ட்


ரேவல்
நிக்கோலாஸ் திருநாள்

எவெர்ட்டுக்கு,

வண்டி புறப்பட இருந்த காலையில் உன் கடிதம் வந்தது. மூட்டைகளை இறக்கிவிட்டேன். வழியில் பனி அதிகம் என்று எல்செபேயிடம் சொன்னேன். பொய் நம் குடும்பத்துக்கு நன்றாகத்தான் வருகிறது.

உன்னைத் திட்டத் தோன்றவில்லை. உயிரோடு என்று இரண்டு தடவை எழுதியதும் நான்தான். கொஞ்ச காலம் எனக்கு எழுதாதே.

அங்கியைக் கோவிலில் கொடுத்துவிட்டு, இறந்தவர்களுக்கான பூசையில் ஸ்தெபான் பெயரையும் வாசிக்கச் சொன்னேன். யாரம்மா இது, உறவா என்று பாதிரியார் கேட்டார்.

"எங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வரப் போனவரு, சாமி" என்றேன்.

தாலெக்கே