அடக்க ஆல்பத்தில் என் முகம்

2025 ஜூன் 9

பல் டாக்டர் இன்று மூன்றாவது முறையாக இடது கடைவாய்ப் பல்லை ராவினார். "இப்ப சரியா கடிபடுதா?" கடிபடவில்லை. வலப்பக்கம் மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே நாக்கு நுனி நுழைகிறது. அவித்த மரச்சீனிக் கிழங்குகூட அங்கே அரைபடாமல் வழுக்குகிறது. இடப்பக்கப் பல் உயரமாம், அதனால்தான் வலப்பக்கம் சேரவில்லையாம். மூன்று தடவை ராவிய பிறகுமா? படித்தவன் கேள்வி கேட்டால் இவர்களுக்குப் பிடிப்பதில்லை.

ஜூன் 17

எனக்கு வரவேண்டிய பிரின்சிபால் பதவியைத் தட்டிக்கொண்டுபோன அனூப், கல்லூரி வராந்தாவில் என்னை நிறுத்தினான். "சாரே, முகம் ஒரு பக்கமாட்டு போகுதே. ஸ்ட்ரோக்கா?" குரலில் இருந்தது கவலையா, ஆசையா?

வீட்டுக்கு வந்து மூக்குக்கு நேராக நூல் பிடித்துப் பார்த்தேன். முகவாய் இடப்பக்கம் ஒரு விரல் அகலம் விலகி நிற்கிறது. எப்போது போனது? ஐம்பத்தொரு வருடமாகப் பார்க்கும் முகம்! மறுபடி நூல் பிடித்தேன். அதேதான்.

ஜூன் 24

திருவனந்தபுரம். வாய் அறுவை டாக்டர் மினி, சின்ன வயது. ஸ்கேன் படத்தை என் பக்கம் திருப்பினார். வலது காதுக்கு முன்னால், தாடை எலும்பு மண்டையோடு சேரும் மூட்டில், எலும்பின் தலைமேல் இன்னொரு தலை. காளான் மாதிரி. அதுதான் தாடையை மறுபக்கம் தள்ளுகிறது.

பெரும்பாலும் ஆபத்தில்லாத கட்டிதான் என்றார். பெரும்பாலும்! எடுத்துச் சோதித்தால்தான் உறுதியாம். வளர்ந்தது வேகமாகவா மெதுவாகவா என்று தெரிய வேண்டும், வருடவாரியாகப் பழைய போட்டோ கொண்டுவாருங்கள் என்றார். மெதுவென்றால் பயம் குறைவு. வேகமென்றால்?  ஸ்கேன் உறையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஜூன் 25

வீட்டில் 2017க்குப் பிறகு எடுத்த போட்டோ ஒன்றுகூட இல்லை. என் மனைவி விமலகுமாரி அலமாரியை அடைத்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க எந்தக் கல்யாணத்துக்குப் போனிய, போட்டோவுல நிக்க? சோனாக்க கல்யாணத்துக்கும் போவல்ல. சொந்த அண்ணன் மவளாக்கும்."

போகாததற்குக் காரணம் உண்டு. 2017 பாகப்பிரிவில், நடந்துபோக வழியில்லாத பின்நிலத்தை என் தலையில் கட்டியவன் அவன். அவன் பந்தலில் நான் பிரியாணி தின்ன வேண்டுமா?

"ஒரே ஒரு படம் உண்டு," என்றாள். "அம்மைக்க அடக்கத்துக்கு எடுத்தது."

2019. பெட்டியை மூடுமுன் குடும்பத்தார் சுற்றி நின்று எடுக்கும் படம். ஆல்பம் அண்ணன் பொன்னப்பன் வீட்டில் இருக்கிறது. எனக்கொரு பிரதி வேண்டுமா என்று அப்போது கேட்டனுப்பினான். வேண்டாம் என்று சொல்லியனுப்பியது நான்தான்.

ஜூன் 26

போகமாட்டேன்.

ஜூன் 28

வேகமென்றால் என்ன? புற்றா? தாடையையே எடுத்துவிடுவார்களா? சோறு எப்படித் தின்பது, பாடம் எப்படி நடத்துவது? சாவுக்குப் பயமில்லண்ணு சொல்லிட்டு நடந்தவன் நான். பயமாட்டு இருக்கு. ரொம்பப் பயமாட்டு இருக்கு.

ஜூன் 29

போனேன். எங்கள் பாறசாலையிலிருந்து அண்ணன் இருக்கும் குன்னத்துகாலுக்கு எவ்வளவு தூரம்? அரைமணி நேர பஸ்தான். அடக்கத்துக்குப் பிறகு இன்றுதான். கதவைத் திறந்த அண்ணன் மனைவி சரசம்மா மைனி, உள்ளே பார்த்து, "ஆரு வந்திருக்கான்னு பாருங்க," என்று மட்டும் சொன்னாள்.

அண்ணன் ஆல்பத்தை மேசையில் போட்டான். பூவுக்குள் அம்மா. தலைமாட்டில் நான். அப்போதே முகவாய் இடப்பக்கம் போயிருக்கிறது. கொஞ்சம்தான், ஆனால் போயிருக்கிறது. ஆறு வருடம்! அப்படியென்றால் மெதுவாகத்தான். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

அண்ணன் படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தான். "எலே, அப்ப இது சீக்கா?"

"ஆமா."

"அம்மைக்க பெட்டிக்க முன்ன நின்னும் எங்களப் பாத்து வாயக் கோட்டுதான்னுல்லா நினைச்சோம்."

"ஆல்பம் பாக்க வந்த எல்லாருட்டயும் காட்டியாச்சு," என்றாள் மைனி. "இவனுக்க மூஞ்சியப் பாத்தியளான்னு." சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இந்த ஆறு வருடம் அவர்கள் பேசாமல் இருந்தது அதற்காகத்தானாம். நிலத்துக்காக என்றல்லவா நினைத்திருந்தேன். அடக்கத்தன்று எனக்குக் கோபமும் இருந்தது, அது உண்மை. அதை அங்கே சொல்லவில்லை.

ஜூலை 15

நாளை அறுவை. காதுக்கு முன்னால் கீறுவார்கள். முகத்தை அசைக்கும் நரம்பு அங்கேதான் ஓடுகிறது. அதில் பட்டால் புருவம் ஏறாது, கண் மூடாது. எல்லாம் சம்மதப் படிவத்தில் அச்சடித்திருக்கிறது. கையெழுத்துப் போட்டேன். விமலா ஜெபித்தாள். நான் ஆமென் மட்டும் சொன்னேன்.

ஜூலை 19

கண் மூடுகிறது.

ஜூலை 28

சோதனை முடிவு வந்தது. எலும்பும் குருத்தெலும்பும் மட்டுமே. கெட்டது எதுவும் இல்லை. டாக்டர் புருவத்தைத் தூக்கச் சொன்னார். வலது புருவம் பாதிதான் ஏறியது. சில மாதத்தில் சரியாகுமாம். பல் வரிசைகளை ரப்பர் வளையம் போட்டு இழுத்துக் கட்டியிருப்பதால் மேற்கொண்டு ஒன்றும் கேட்க முடியவில்லை. அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வெளியே பெஞ்சில் அண்ணன், கஞ்சித்தண்ணி பிளாஸ்க்கோடு. எழுந்து வந்தான். "என்னலே சொன்னாவ? உனக்க மூஞ்சியப் பாத்து எனக்கு ஒண்ணும் மனசிலாவல்ல. நீயே சொல்லு."

ரிப்போர்ட் உறையின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன்: 'நல்லதுதான், அண்ணே.'

வக்கீல் நோட்டீசை விட்டால், எட்டு வருடத்தில் நான் அவனுக்கு எழுதிய முதல் வரி.