அவருக்குப் பொழுது போகணும்

மயிலாப்பூர்
ஜூன் 9, 2024

என் முத்துவுக்கு,

ஸ்ரீலக்ஷ்மி எழுதுகிறேன். உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் சிரித்திருப்பாய். தி.நகரிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்து இறங்குகிற தூரத்துக்கு இவளுக்கு என்ன தபால் வேண்டிக்கிடக்கிறது என்று. போன் இல்லையடி. இரண்டாவது போனையும் இவர் வாளித் தண்ணீரில் போட்டுவிட்டார். நான் யாரோடு பேசினாலும் தன்னைப் பற்றித்தான் பேசுகிறேன் என்று அவருக்குத் தோன்றிவிடுகிறது. “யாரோட பேசிண்டிருக்கே? என்னைப் பிடிச்சுண்டு போகச் சொல்றியா?” என்று ஆரம்பித்தால் அன்றைய பகல் போச்சு.

பேனாவும் பேப்பருமாக உட்கார்ந்தால் மட்டும் ஒன்றும் சொல்வதில்லை. பரீட்சைப் பேப்பர் திருத்துகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார். இத்தனை வருஷம் பார்த்த காட்சி அல்லவா. சத்தம் போடாமல் நடக்கிறார். “எத்தனை பேர் பாஸ்?” என்று மட்டும் கேட்பார். எல்லாரும் பாஸ் என்று சொல்லிவிடுவேன்.

இவருக்கு மறதி வியாதி என்று தெரிந்தபோது நீதான் ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வந்தாய். அதற்குப் பிறகு நிறைய நடந்துவிட்டது. போன மாதம் சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார். ரயில்வேயிலிருந்து ரிடயர் ஆனது அவருக்கு நினைவில்லை. லஸ் முனையில் நடுரோட்டில் நின்றவரை ஒரு ஆட்டோக்காரர் கூட்டிவந்தார். “இன்னாம்மா, பெரியவரை இப்டி தனியா வுட்டுட்ட? பஸ்ஸு அடிச்சிருந்தா இன்னா பண்ணியிருப்ப?” என்று என்னைத் திட்டினார். திட்டட்டும். அன்றிலிருந்து வாசல் கதவு பூட்டியே இருக்கிறது. சாவி என் இடுப்பில். வெளியே போவது அவருக்கு மட்டுமில்லை, எனக்கும் நின்றுவிட்டது. காய்கறியும் பாலும் வாசல் வரை வந்துவிடுகின்றன. எழுதிய தபாலைக் கீழ்வீட்டுப் பெண் பெட்டியில் போடுகிறாள்.

கேட்க வந்தது இதுதான். நம் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை மழைநாளில் ஒரே அறைக்குள் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை சமாளித்தவள் நீ. வீட்டுக்குள் ஒரு மனுஷனுக்குப் பொழுது போக என்ன செய்வது? டி.வி. போட்டால் பயப்படுகிறார், வீட்டில் யாரோ புகுந்துவிட்டார்கள் என்கிறார். முருங்கைக்கீரை ஆயக் கொடுத்தேன். காம்பை வைத்துக்கொண்டு இலையைக் குப்பையில் போட்டுவிட்டார். அதுவும் ஒரு மணி நேரம் ஓடியது, குறை சொல்லவில்லை.

யோசித்து எழுது.

உன்,
ஸ்ரீ


தி.நகர்
ஜூன் 14, 2024

அன்புள்ள ஸ்ரீ,

உன் கடிதத்தை எங்கள் துணிக்கடையில் கல்லாவில் உட்கார்ந்தே படித்தேன். வாடிக்கைக்காரம்மா ஒருத்தி லைனிங் துணி கேட்டு நின்றிருக்கிறாள், எனக்குக் காதில் விழவில்லை. என் மகன் அஸ்வின்தான், “அம்மா, எந்திரிச்சு உள்ள போ, நான் பாத்துக்கிடுதேன்” என்று அனுப்பினான்.

போனை எடுக்க மாட்டேன் என்கிறாளே, பெரிய மனுஷி ஆகிவிட்டாள் என்று உன்மேல் வருத்தமாக இருந்தேன். இப்போது என் தலையில்தான் நானே குட்டிக்கொள்ள வேண்டும்.

சரி, வேலைக்கு வருகிறேன். இத்துடன் ஒரு பை வருகிறது. பிளவுஸ் துணி வெட்டின துண்டுகள். எங்கள் மேட்சிங் சென்டரில் இது மலையாகக் கிடக்கும். சாரிடம் கொடுத்து நிறம் பிரிக்கச் சொல். பிரித்து முடித்தால் மடிக்கச் சொல். மடித்தால் அவர் தூங்கும்போது கலைத்து வை. பாவம் என்று பார்க்காதே. பிள்ளைகளுக்கும் அப்படித்தான் செய்வோம். வேலை முடிந்துவிட்டது என்கிற எண்ணம் வரவே கூடாது. அப்புறம், அவருக்குத் தெரிந்த வேலையாகக் கொடு. ரயிலுக்கு டயம் டேபிள் போட்ட மனுஷனுக்குக் கீரை எதற்கு?

அடையாறில் பகலில் மட்டும் பார்த்துக்கொள்கிற இடம் ஒன்று இருக்கிறதாம். காலையில் விட்டுவிட்டுச் சாயங்காலம் கூட்டி வரலாம். விசாரிக்கட்டுமா? அல்லது ஒரு ஆளாவது வைத்துக்கொள். பூனாவில் இருக்கும் உன் பிள்ளை சாய்சரணுக்கு இதெல்லாம் தெரியுமா, தெரியாதா?

நீ சாப்பிடுகிறாயா என்று நீ எழுதவே இல்லை.

அன்புடன்,
முத்துலட்சுமி


மயிலாப்பூர்
ஜூலை 7, 2024

என் முத்துவுக்கு,

உன் துணிப்பைக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம். பச்சை என்றால் பச்சையில்லையாம். கிளிப்பச்சை தனி, இலைப்பச்சை தனி, மாம்பிஞ்சுப் பச்சை தனி. என்னைத் திருத்துகிறார். “நோக்குக் கண்ணு தெரியலை” என்கிறார். காலை காபியிலிருந்து சாப்பாடு வரை ஓடிவிடுகிறது.

தெரிந்த வேலையைக் கொடு என்றாயே, அதற்கும் ஒன்று கண்டுபிடித்தேன். பால்கனியில் இரண்டு நாற்காலிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டோம். எழும்பூரில் ஏறுகிறோம். அவர்தான் எல்லாம். டிக்கெட்டும் அவரே, கொடியும் அவரே. சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மாம்பலம் என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டு போகிறார். என் பெயரைச் சொல்லத் தடுமாறுகிறவருக்குத் திண்டிவனத்துக்கு முந்தின ஸ்டேஷன் எப்படித்தான் வாயில் வருகிறதோ. நேற்று விழுப்புரம் வரை போனோம். செங்கல்பட்டில் இறங்கி எனக்கு டீ வாங்கித் தந்தார், சமையலறையிலிருந்து வெறும் டம்ளர். குடித்தேன். “சக்கரை போறுமா?” என்றார். கல்யாணமான புதிதில் கூட இந்த மனுஷன் என்னை எங்கும் கூட்டிப் போனதில்லையடி.

ஆள் வைப்பது பற்றி. ஏற்கெனவே ஒருவனை வைத்துப் பார்த்தேன். நான் குளிக்கப் போன நேரத்தில் இவரைக் கிள்ளியிருக்கிறான். தொடையில் தடம். இனி வேண்டாம். அடையாறும் வேண்டாம். முதல் தடவை டாக்டர் வியாதியின் பெயரைச் சொன்ன அன்று, வெளியே நீ ஆட்டோ பிடிக்கப் போனதும் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “என்ன ஆனாலும் என்னை எங்கேயும் கொண்டுபோய் விட்டுடாதே” என்றார். சரி என்றேன். அப்போது அவருக்குப் புத்தி தெளிவாக இருந்தது. சொன்னதை நான் காப்பாற்ற வேண்டாமா?

சாய்க்கு, அப்பாவுக்குக் கொஞ்சம் மறதி என்ற அளவில் தெரியும். அது போதும்.

சாப்பிடுகிறேன். இடது கையில் ஒரு சின்ன வலி, குளியலறைக் கதவில் இடித்துக்கொண்டேன். பேப்பரை அழுத்திப் பிடிக்க முடியவில்லை, அதனால்தான் எழுத்து கோணல்.

உன்,
ஸ்ரீ


தி.நகர்
ஆகஸ்ட் 5, 2024

ஸ்ரீ,

நேற்று ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தையும் விட்டுவிட்டு உன் வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறக்கவே நீ அத்தனை நேரம் யோசித்தாய். வந்தவளுக்குத் தண்ணீர் கொடுத்தாய், சிரித்தாய், சாரைப் பற்றியே பேசினாய். நானும் சிரித்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்தபிறகுதான் அழுதேன்.

அது கதவு இடித்த காயமில்லை. முழங்கைக்கு மேலே விரல் பதிந்திருந்தது எனக்குத் தெரிந்தது. தண்ணீர் கொடுக்கும்போது இடது கையை நீ தூக்கவே இல்லை. உன் ரவிக்கை தோளில் தொங்குகிறது. நான் தைக்கக் கொடுத்த ரவிக்கை அது, அளவு எனக்குத் தெரியும்.

சார் என்னைப் பார்த்து, “இவ யாரு? இவதான் திருடினா” என்று கையை ஓங்கினாரே, அப்போது நீ எப்படி நடுவில் வந்து நின்றாய் தெரியுமா? பழக்கப்பட்டவள் மாதிரி நின்றாய். கண்ணைக்கூட மூடவில்லை.

அவர்மேல் தப்பில்லை. எனக்குத் தெரியாதா? எத்தனை நாள் பள்ளிக்கூட வாசலில் உனக்காகக் குடையோடு நின்றவர். ஆனால் இப்போது அடிக்கிற கை அவருடையதுதான். வாங்குகிற உடம்பு உன்னுடையது.

சாயிடம் சொல். நீயே சொல். சொன்னேன் என்று எனக்கு ஒரு வரி எழுது.

முத்துலட்சுமி


மயிலாப்பூர்
ஆகஸ்ட் 22, 2024

முத்து,

உனக்குப் பதில் எழுதக் கூடாது என்றிருந்தேன். ஆனால் வேறு யாரிடம் சொல்ல?

சரி, அடிக்கிறார். எப்போதும் இல்லை. சாயங்காலம் வெளிச்சம் இறங்குகிற நேரத்தில் அவருக்கு நான் யாரோ ஆகிவிடுகிறேன். அந்நியப் பொம்பளை ஒருத்தி தன்னை அடைத்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தால் எந்த மனுஷனுக்கும் கோபம் வரத்தானே செய்யும்?

போன வாரம் ரயில் விளையாட்டில் ஒரு விபரீதம். மாம்பலம் என்று சொல்லிக்கொண்டே எழுந்தவர், “நான் இறங்கணும்” என்று பால்கனிக் கம்பிமேல் காலைத் தூக்கி வைத்துவிட்டார். இரண்டாவது மாடி. வேட்டியைப் பிடித்து இழுத்தேன். இருவரும் தரையில் விழுந்தோம். “வண்டி போயிடும், விடுடீ” என்று என் தோளில் குத்திக்கொண்டே இருந்தார். கத்தினால் அக்கம்பக்கம் வந்துவிடும் என்று வாயைத் திறக்கவில்லை.

அதற்கப்புறம் பால்கனிக் கதவையும் பூட்டிவிட்டேன். கூடத்தில் நாற்காலியைப் போட்டால் எழுந்து எழுந்து அந்தக் கதவை உடைக்கப் போகிறார். பழைய புடவையால் அவரை நாற்காலியோடு சேர்த்துக் கட்டினேன், முத்து. நான்தான் கட்டினேன். முடிச்சுப் போடும்போது குனிந்து பார்த்தார். “என்னது, பெல்ட்டா? ஏரோப்ளேனா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். சந்தோஷமாக உட்கார்ந்துகொண்டார். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

தூக்க மாத்திரையும் டாக்டர் சொன்னதற்குமேல் சில நாள் போடுகிறேன். போட்டால் மத்தியானத்திலேயே படுத்துவிடுகிறார். நானும் பக்கத்தில் படுத்துக்கொள்கிறேன். அந்த நேரம் வீட்டில் சத்தமே இருப்பதில்லை. எனக்கு இப்போது பிடித்த பொழுதுபோக்கு அதுதான். சில சமயம், இரண்டு பேருமே மாத்திரை போட்டுக்கொண்டு எழுந்திருக்காமல் போனால் என்ன என்று தோன்றுகிறது. தோன்றுகிறது, அவ்வளவுதான். பயப்படாதே.

சாயிடம் சொல்லாதே. சொன்னால் அவன் வந்து இவரை அழைத்துப் போய்விடுவான். உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

ஸ்ரீ


தி.நகர்
ஆகஸ்ட் 27, 2024

ஸ்ரீ,

பயப்படாதே என்று எழுதியிருந்தாய். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. நேற்று சாய்சரணுக்குப் போன் செய்தேன். உன் கடைசிக் கடிதத்தை முழுவதும் படித்துக் காட்டினேன். மாத்திரை பற்றி எழுதிய இடத்தில் பிள்ளை என்னை நிறுத்தினான். “ஆன்ட்டி, லைன்லயே இருங்கோ” என்று சொல்லிவிட்டு அப்போதே டிக்கெட் போட்டான். வருகிற சனிக்கிழமை வருகிறான்.

நீ கும்பிட்டுக் கேட்டாய். நான் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் போனபிறகு ஒரு வருஷம் என்னைத் தினமும் சாப்பிடவைத்தவள் நீ. உன்னை ஒருநாள் அடுத்த வீட்டுக்காரர்கள் கதவை உடைத்துப் பார்த்தார்கள் என்று சேதி வந்தால், நான் எங்கே போய் முட்டிக்கொள்வேன்? அவரிடம் நீ வாக்குக் கொடுத்தாய், சரி. நான் யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

என்மேல் கோபப்படு, திட்டு, எல்லாவற்றுக்கும் நான் தயார். சனிக்கிழமை மட்டும் கதவைத் திற.

உன் முத்து


மயிலாப்பூர்
ஜனவரி 19, 2025

முத்துலட்சுமிக்கு,

உன் மகள் ஷண்முகப்ரியாவின் கல்யாணப் பத்திரிகை வந்தது. அதற்கு முன் நீ போட்ட கடிதங்களும் வந்தன. எல்லாவற்றையும் படித்தேன். இரண்டு தடவை நீ வந்து மணி அடித்ததும் எனக்குத் தெரியும். உள்ளேதான் இருந்தேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், நீ தெரிந்துகொள்ள வேண்டியவள். சாய் வந்த அன்றே என் தோளைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பில் விரிசல். அடுத்த வாரம் கேளம்பாக்கத்தைத் தாண்டி ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்தது. காரில் ஏறும்போது, “ஆபீசுக்கா?” என்று கேட்டார். சாய், “ஆமாம்பா” என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஒரு கையால்தான் நான் அவருக்குச் சட்டைப் பட்டன் போட்டுவிட்டேன்.

முதலில் சில வாரம் யாரும் வர வேண்டாம், பழகட்டும் என்றார்கள். தீபாவளிக்கு மறுநாள் போனேன். அழுவார், ஏன் விட்டுவிட்டுப் போனாய் என்று கேட்பார் என்று வழியெல்லாம் பதில் தயார் செய்துகொண்டு போனேன். முகம் மழித்து, தலை சீவி, இன்னொரு பெரியவரோடு பெஞ்சில் உட்கார்ந்து ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். சதை போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து நின்றார்.

“வாங்கோ. யாரைப் பாக்கணும்?”

“வேம்புவைப் பாக்கணும்” என்று இவர் பெயரையே சொன்னேன்.

“இங்கே இருக்காரான்னு விசாரிச்சுச் சொல்றேன். உக்காருங்கோ” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். திரும்பி வரவில்லை. அங்கே வேலை செய்கிற பெண் வந்து, “சாப்டப் போய்ட்டாரும்மா. ஒரு கலாட்டா கெடையாது, தங்கமான மனுசன். நாங்கதான் பாத்துக்கினு இருக்கோமே, நீங்க கவலையே படாதீங்க” என்றாள். அதற்குப் பிறகும் மாதத்துக்கு ஒரு தடவை போகிறேன். தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன். கிட்டே போனால் யாரென்று கேட்கிறார்.

அங்கே நன்றாக இருக்கிறார், முத்து. என்னிடம் இருந்ததைவிட நன்றாக இருக்கிறார். எனக்கும் தோள் கூடிவிட்டது. நீ போன் செய்யாமல் இருந்திருந்தால் எங்களில் ஒருவர் போயிருப்போம், அல்லது இருவருமே. நீ செய்தது சரி. இதை நான் சாயிடம் கூடச் சொல்லவில்லை, உனக்குத்தான் எழுதுகிறேன்.

நீ தப்பாகச் செய்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு இந்நேரம் உன் வீட்டில் முறுக்கு சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இப்போது உன்னைத் திட்ட எனக்கு ஒரு வார்த்தைகூட இல்லை. கோபமும் போகவில்லை. உன்னை நினைத்தால் கார் கதவு சாத்துகிற சத்தம்தான் கேட்கிறது. காலம் போனால் சரியாகும் என்று எழுதியிருந்தாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கல்யாணத்துக்கு வர மாட்டேன். பெண்ணுக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்து வைத்திருக்கிறேன். கீழ்வீட்டுப் பெண் உன் கடை வரை வருவாள், அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன். நீ வந்து வாங்கிக்கொள்ள வேண்டாம்.

குழந்தை நன்றாக இருக்கட்டும்.

ஸ்ரீலக்ஷ்மி வேம்பு